தேர்க்காலும் ஜீப் வண்டியும்

வாகனம் என்ற சொல் நமக்குக் கோயிலிலிருந்து வந்தது. இணுவிலில் பிறந்த குழந்தை மோட்டார் வண்டியை நன்கு அறிவதற்கு முன்னரே மயிலையும் பெருச்சாளியையும் இடபத்தையும் வாகனங்களாக அறிந்துவிடுகிறது. கந்தசுவாமி கோயிலின் உலகப்பெருமஞ்சத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த ஊர் இது. மஞ்சமாயினும் தேராயினும் ஊர் கூடினாலன்றி அது அசையாது. தோள் கொடுப்பவரும் வடம் பிடிப்பவரும் விலகிக்கொண்டால் தெய்வமும் வீதிக்கு வர இயலாது. அந்தத் தோளும் வடமும் எல்லாச் சாதியாருக்கும் உரியனவாக நெடுங்காலம் இருந்ததில்லை என்பதையும் இப்பொழுதே சொல்லி வைக்கிறோம். பின்னர் அதற்கு வருவோம்.

அரசின் வாகனம் நம் தோளில் ஏறி வருவதில்லை. அது தானே வருகிறது. தான் விரும்பிய வேளையில் வருகிறது. காங்கேசன்துறை வீதியில் செல்லும் பொலிஸ் ஜீப் ஒன்று வேகம் தணிந்து ஓர் ஒழுங்கைக்குள் திரும்புமானால், வேலிகளுக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வினா எழும்: 'யாரைத் தேடி வருகிறார்கள்?' 'யாருக்கு உதவ வருகிறார்கள்?' என்று கேட்கும் வீடு மிக அரிது. முதலாவது வினா முந்திக்கொண்டு எழுவதும் இரண்டாவது எழாமலே போவதும் ஏன்? இது வெறும் பழக்கமா, அச்சமா, அன்றி நியாயமான ஒரு தீர்ப்பா?

வண்டி இரும்பும் ரப்பரும்தானே, அதற்கு அறம் ஏது என்று சிலர் கேட்பர். பழம் நறுக்கும் கத்தியே கழுத்தையும் அறுக்கும். குற்றம் கையினுடையது என்ற பழைய வாதம் இது. விபத்தில் வீழ்ந்தவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் ஜீப்பே. குற்றமற்ற ஓர் இளைஞனைச் சிறைக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வதும் அதே ஜீப்பே. ஓட்டுகிறவனைப் பொறுத்தது எல்லாம் என்பர். இவ்வாதத்தை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. கத்திக்குப் பின்னால் ஒரு கைதான் உண்டு. பொலிஸ் வண்டிக்குப் பின்னால் ஒரு சட்டமும், ஒரு கட்டளையும், ஒரு பயிற்சியும், ஒரு வரவுசெலவுத் திட்டமும், நீண்டதொரு வரலாறும் உண்டு. அதன் கண்ணாடிக்குக் கம்பிவலை வேண்டுமா, அதன் நிறம் தொலைவிலிருந்து தெரிய வேண்டுமா, அதன் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டுமா என்பவற்றையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ தீர்மானிக்கின்றனர். அவ்வாறு தீர்மானிப்பவர் அவ்வண்டியின் எதிரே நிற்கப்போகும் மனிதனை முதலில் தம் மனத்தில் உருவாக்கிக்கொள்கின்றனர். அம்மனிதன் குடிமகனா, பகைவனா? வண்டியின் உடலிலேயே இதற்கான விடை எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த நிறுவனத்தையும் அதன் வண்டியையும் நமக்குத் தந்தவர் ஆங்கிலேயர். அவர்களுடைய சொந்த வீட்டில் அது எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் பார்ப்பது தகும்.

இலண்டன் பெருநகரப் பொலிஸ் 1829இல் அமைக்கப்பட்டபோது அதன் காவலன் காலால் நடந்தான். கைதிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிக்குப் பின்னாளில் 'கறுப்பு மரியா' என்ற பெயர் வழங்கிற்று. மோட்டார் கார் வந்ததும் 1903இல் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு காரும் தன் பதிவிலக்கத்தை வெளியே தாங்கிச் செல்ல வேண்டும் என்றனர். அக்காலத்தில் கார் வைத்திருந்தோர் செல்வர் என்பதை நாம் மறக்கலாகாது. தெருவில் நடக்கும் ஏழையை மோதிவிட்டுப் புழுதியில் மறையும் சீமானை அடையாளம் காண்பதற்கு அந்த இலக்கத்தகடு உதவிற்று. வலியவன் தன் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு செல்ல வேண்டும் என்ற இந்த எண்ணம் சிறியதெனினும் நல்லது. இக்கட்டுரையில் மீண்டும் இது நமக்குத் தேவைப்படும்.

1960களின் நடுப்பகுதியில் லங்காஷயரில் இளநீலமும் வெள்ளையுமாய் வண்ணம் தீட்டிய சிறு பொலிஸ் கார்கள் தோன்றின. மக்கள் அவற்றைப் பண்டாக் கரடியின் பெயரால் அழைத்தனர். நெடுஞ்சாலைகளில் ஓடிய வெள்ளைக் கார்களின் இடுப்பில் சிவப்புப் பட்டை ஓடிற்று. அவற்றுக்கு ஜாம் தடவிய ரொட்டி என்று பெயர். 1990களில் நீலமும் மஞ்சளுமான கட்டங்கள் வந்தன. அதற்குப் பற்றன்பேர்க் என்னும் கேக்கின் பெயர். கரடியும் ரொட்டியும் கேக்கும்! ஒரு மக்கள் கூட்டம் தன் பொலிஸ் வண்டிக்குத் தின்பண்டத்தின் பெயரையும் விளையாட்டுப் பொம்மையின் பெயரையும் சூட்டுமானால், அவ்வண்டியைக் கண்டு அது பெரிதும் அஞ்சவில்லை என்றே கொள்ள வேண்டும். நம் மொழியில் பொலிஸ் வண்டிக்கு இப்படியொரு செல்லப்பெயர் வழங்கியதாக நாம் கேட்டதில்லை.

அந்த நீல மஞ்சள் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு. பட்டப்பகலில் 500 மீற்றர் தொலைவிலேயே இது பொலிஸ் வண்டி என்று கண்டுகொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதனை வடிவமைத்தோர் தமக்கு விதித்துக்கொண்ட நியதிகளுள் ஒன்று. வேகமாகச் செல்பவன் வேகத்தைக் குறைக்கட்டும், துன்பத்தில் உள்ளவன் ஆறுதல் கொள்ளட்டும், விபத்து நடந்த இடத்தைப் பின்னால் வருபவன் அறியட்டும் என்பது நோக்கம். நாய்களைக் கொண்டுசெல்ல ஒரு வண்டி, குதிரைகளுக்கு ஒரு வண்டி, கைதிக்குக் கூண்டு வைத்த வண்டி, நெடுஞ்சாலை விபத்துக்கு ஒரு வண்டி எனப் பணிகள் பிரிந்தன. இலண்டனில் 1991இல் ஆயுத வண்டிகள் ஓடத் தொடங்கின. சாதாரணக் காவலன் துப்பாக்கி தாங்காத நாடு அது. ஆதலால் துப்பாக்கிகளை வண்டிக்குள் ஒரு பெட்டகத்தில் பூட்டி வைத்தனர். ஆயுதம் மனிதனின் தோளில் தொங்காமல் ஒரு பெட்டிக்குள் காத்திருந்தது. இவையனைத்தும் எதிரே நிற்பவனைக் குடிமகனாகக் கருதிச் செய்யப்பட்டவை. நல்லதை நல்லதென்று சொல்வதற்கு நாம் கூசவேண்டியதில்லை.

ஆயினும், அந்தக் குடிமகன் யார்?

1979 ஏப்ரல் 23ஆம் நாள், இலண்டனின் மேற்கேயுள்ள சவுத்ஹால் என்னும் நகர்ப்பகுதியில், தேசிய முன்னணி என்ற நிறவெறிக் கட்சி கூட்டம் நடத்த முற்பட்டது. சவுத்ஹால் பஞ்சாபித் தொழிலாளர் நிறைந்த பகுதி. எதிர்ப்பைத் தெரிவிக்க ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். அவர்களுள் ஒருவர் பிளேர் பீச், நியூசிலாந்தில் பிறந்தவர், ஆசிரியர், வயது 33. விசேட ரோந்துப் பிரிவைச் சேர்ந்த பொலிசார் வான்களில் வந்து இறங்கினர். தலையில் விழுந்த அடியால் பீச் மாண்டார். அதே பிரிவினரின் அலுமாரிகளைச் சோதித்தபோது அவர்களுக்கு வழங்கப்படாத ஆயுதங்கள் அகப்பட்டன. பொலிஸ் அதிகாரி ஜோன் காஸ் உள்விசாரணை நடத்தினார். இன்ன வானிலிருந்து இறங்கியவருள் ஒருவரே அடித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். வான் தெரிந்தது, அதன் குறியெண் தெரிந்தது, உள்ளே இருந்தவர் யார் யார் என்பதும் தெரிந்தது. எனினும் ஒருவர் மீதும் கொலைக்குற்றம் சாட்டப்படவில்லை. ஏன்? உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மைக்கு மாறாகவும் உரைத்தனர். அந்த அறிக்கைகூடச் சுமார் 30 ஆண்டுகள் இருட்டில் கிடந்து, 2010 ஏப்ரலில்தான் வெளியே வந்தது.

ஆசிரியர்களாகிய நாம் இம்மரணத்தைச் சற்று நின்று நினைக்க வேண்டும். நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வண்டியின் மீது எழுதிய இலக்கமோ தீட்டிய வண்ணமோ மட்டும் மனிதனைக் காப்பாற்றாது என்பதை இது காட்டுகிறது. வெளிப்புறம் எவ்வளவு துலக்கமாக இருந்தாலும் உட்புறம் ஊமையாக இருக்கக்கூடும்.

இன்னும் ஒன்று. 2014இல் இலண்டன் மாநகரத் தலைவராக இருந்த பொரிஸ் ஜோன்சன், ஜேர்மனியிலிருந்து பழைய நீர்த்தாரை வண்டிகள் மூன்றை வாங்கினார். 2015இல் உள்துறை அமைச்சர் தெரேசா மே அவற்றைப் பயன்படுத்த அனுமதி மறுத்தார். மக்கள் ஒப்புதலால் நடக்கும் பொலிசுக்கு அது பொருந்தாது என்ற மரபு அங்கே வலுவாக இருந்தது. 3 இலட்சம் பவுணுக்கு மேல் விழுங்கிய அவ்வண்டிகள் 2018இல் சுமார் 11,000 பவுணுக்குப் பழைய இரும்பாய் விலை போயின. வாசகர் சிரிக்கலாம், ஆனால் அதே முடியாட்சியின் கீழுள்ள வட அயர்லாந்தில் நீர்த்தாரை வண்டி முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பொலிசார் பல்லாண்டுகளாக உலாவியது சாம்பல் நிறக் கவச லாண்ட்றோவரில். அங்கு சென்ற இராணுவக் கவச வண்டி ஒன்றின் பெயர் 'பன்றி'. கடலின் இக்கரையில் கேக், அக்கரையில் பன்றி. இலண்டன்வாசியின் மேனிக்கு ஆகாத தண்ணீர் பெல்பாஸ்ற் தொழிலாளியின் மேனிக்கு ஆகும் என்றால், வண்டியை அளித்த சட்டம் ஒன்றாயினும் அது காணும் மனிதர் இருவகையினர் என்பது தெளிவாகிறது.

குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டது இரண்டாவது வகைப் பொலிஸ்தான். அயர்லாந்தில் உருவான ஆயுதப் பொலிசே பிரித்தானியப் பேரரசின் ஆசிய ஆபிரிக்க நாடுகளுக்குப் பெரிதும் முன்மாதிரியாக அமைந்தது. இலங்கைப் பொலிஸ் 1866இல் அமைக்கப்பட்டது. 1913 முதல் 1937 வரை அதன் பொலிஸ் மாஅதிபராக இருந்த சேர் ஹேர்பேர்ட் டௌபிகின் இங்கே பெற்ற அனுபவத்தை வைத்துக்கொண்டே சைப்பிரசுக்கும், 1930இல் பலஸ்தீனத்துக்கும் பொலிஸ் சீர்திருத்த ஆலோசகராகச் சென்றார். நம் நாடு ஒரு பட்டறை. இங்கே தீட்டிய கருவி வேறெங்கோ பயன்பட்டது. 1948இல் கொடி மாறியது. வண்டிக்குள் இருந்த ஆசனங்கள் மாறவில்லை என்பதே நம் கருத்து. வெள்ளைத் துரை இறங்கிய ஆசனத்தில் நம் நாட்டு ஆளும் வர்க்கம் ஏறி அமர்ந்தது. எதிரே நிற்பவனைப் பற்றிய பழைய கற்பனையையும் அது சேர்த்தே பெற்றுக்கொண்டது.

நம் வீதியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. கேட்டவை மிகச் சிறியவை: தேநீர்க்கடையில் சமமான குவளை, கோயிலில் சமமான வாயில். பொலிசார் தடியுடன் பாய்ந்தனர். அடி விழுந்தும் ஊர்வலம் கலையவில்லை. யாழ்ப்பாணம் சென்று கூட்டம் நடத்தியே முடிந்தது. அந்தப் பொலிஸ் அடித்ததில் மொழிப் பகைக்கு முதன்மை இருக்கவில்லை. அடி வாங்கியவர் தமிழர். அவர்களை அடிக்க வேண்டும் என்று விரும்பிய வேலிகளும் தமிழருடையவையே.

பின்னர் வந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வாசகர் அறிவர். 1974 ஜனவரி 10இல் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிசார் புகுந்ததையடுத்து ஒன்பது உயிர்கள் போயின. 1981 ஜூன் முதலாம் நாள் இரவு சுமார் 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரிந்தது. அந்நாட்களில் நகரம் முழுவதும் வந்து குவிந்திருந்தவர் சட்டத்தைக் காப்பதற்கென அனுப்பப்பட்ட பொலிசார். அவர்கள் ஒளிந்து வரவில்லை. அரசின் வண்டியில், அரசின் உடையில் வந்தனர்.

அதன்பின் ஒளிந்து வரும் வண்டி வந்தது. வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டதும் இந்நாட்டில் எவரும் பால் விற்கும் வண்டியை நினைப்பதில்லை. இலக்கத்தகடில்லாத, அல்லது பொய்யிலக்கம் தாங்கிய, கறுப்புக் கண்ணாடி பூட்டிய வண்டி. 1987க்கும் 1989க்கும் இடையே தெற்கில் சிங்கள இளைஞர்களும் இவ்வாறு இலக்கமற்ற வண்டிகளில் ஏற்றப்பட்டு மறைந்தனர் என்பதை வடக்கில் உள்ள நாம் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை. பின்னர், குறிப்பாக 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழரின் கதவுகளைத் தட்டிற்று. ஆங்கிலேயன் 1903இல் சீமானின் முதுகில் எழுதிய இலக்கத்தை இங்கே அதிகாரம் உரித்தெறிந்தது. 500 மீற்றரில் தெரிய வேண்டும் என்ற நியதிக்கு நேரெதிரான நியதி இது: ஐந்து முழத்தில் நின்றாலும் யாரென்று தெரியலாகாது. தன் செயலுக்குத் தானே வெட்கப்படுகிற அதிகாரம்தான் பெயரை மறைக்கும். அவ்வகையில் இலக்கமற்ற வான் ஒருவித ஒப்புதல் வாக்குமூலம் என்றும் கூறலாம்.

வண்டியின் வேடம் இவ்விரண்டோடு நிற்பதில்லை. 2021 ஜூலை 8இல், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அருகே ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் தோழர்களையும் பொலிசார் கைது செய்தனர். நீதிமன்றம் பிணை வழங்கிற்று. பிணை பெற்றவர்களைப் பொலிசார் பலவந்தமாக வண்டியில் ஏற்றி, தொற்றுநோய்த் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டு சென்றனர். சிறைவண்டி அன்று மருத்துவ வண்டியின் வேடம் புனைந்தது. மறு ஆண்டு காலிமுகத்திடல் போராட்ட நாட்களில் நீர்த்தாரை வண்டி கொழும்பின் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் மீதும் பாய்ந்தது. இலண்டனில் இரும்புக்கு விற்கப்பட்ட கருவி இங்கே ஓய்வின்றி உழைத்தது. வடக்கு நெடுங்காலம் அறிந்திருந்ததைத் தெற்கு அப்பொழுது அறிந்தது என்று சிலர் எக்களிப்புடன் எழுதினர். அந்த எக்களிப்பு நமக்கு உவப்பானதாக இல்லை. அடி விழும் முதுகுகள் அதிகரிப்பதில் மகிழ என்ன இருக்கிறது?

நம் வகுப்பறை வழக்கம் ஒன்றை இடையில் சொல்கிறோம். தன்வரலாறு கூறும் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் 'நான் ஒரு பேருந்து', 'நான் ஒரு மாட்டு வண்டி', 'நான் ஒரு சைக்கிள்' என்று ஆவலுடன் எழுதுவர். அம்புலன்ஸ் வண்டியாகப் பேசுவோர் பலர். இத்தனை ஆண்டுகளில் 'நான் ஒரு பொலிஸ் ஜீப்' என்று தலைப்பிட்ட ஒரு கட்டுரை நம் கைக்கு வந்ததில்லை. குழந்தை எதற்குள் புகுந்து பேச மறுக்கிறதோ அதைத் தன்னதாகக் கருதவில்லை. விபத்து நடந்தால் 119ஐ அழைக்கலாம் என்று பாடநூல் சொல்வதை அவர்கள் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள்; அழைப்பீர்களா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இதற்குத் தீர்வு நம்மவரே வண்டியை ஓட்டுவதுதான் என்று பலர் கருதுகின்றனர். 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு ஓரளவு பொலிஸ் அதிகாரத்தை வழங்குகிறது. எந்தக் கொழும்பு அரசும் அதனை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த, நம் ஊர்ப் பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ளும் பொலிஸ் வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது. நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் அதனோடு அறவினா தீர்ந்துவிடும் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சென்றன. முஸ்லிம் மக்கள் அனைவரும் மைதானத்தில் கூட வேண்டும் என்று அவை அறிவித்தன. கூடியவர்கள் இரண்டு மணி நேரத்துள் தம் ஊரை விட்டுச் செல்லுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். அந்த ஒலிபெருக்கிகள் பேசியது நல்ல தமிழ். ஓட்டியவர் நம்மவர். கேட்டவரின் தாய்மொழியும் தமிழே.

மறுபுறம், சாதியின் பெயரால் கதவடைக்கப்பட்டவனின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முயன்றபோது, கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் வாயிலில் நின்று தடுத்தார். அவர் மீது வழக்குத் தொடுத்தவர் காங்கேசன்துறைப் பொலிஸ் பரிசோதகர். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அதாவது, நம் சொந்த ஊரின் பெரிய மனிதருக்கு எதிராகத் தாழ்த்தப்பட்டவன் அழைக்கக்கூடிய இடமாகவும் பொலிஸ் நிலையம் ஒரு நாள் இருந்தது. சுன்னாகத்தில் அடித்த அதே நிறுவனம்தான். வெளியிலிருந்து ஒரு சட்டம் கட்டாயப்படுத்தியபோது, கீழேயிருந்து ஒரு மக்கள் இயக்கம் விடாமல் உந்தியபோது, வண்டி வேறு திசையில் திரும்பிற்று. தானாகத் திரும்பவில்லை.

ஆளும் வாகனத்தின் பொறுப்பைப் பற்றி நம் பண்டை இலக்கியத்தில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஏறிச் சென்ற தேரின் காலில் கன்று ஒன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இக்கதையைப் பாடசாலையில் நாம் ஓயாது கற்பிக்கிறோம். இதே கதை மகாவமிசத்தில் எல்லாளன் மீது ஏற்றிக் கூறப்பட்டிருப்பதையும் குறிப்பிடுவதுண்டு. அதே நூல் அதே அத்தியாயத்தில் கூறும் மற்றொரு நிகழ்ச்சியை நாம் ஏனோ கற்பிப்பதில்லை. எல்லாளன் ஏறிச் சென்ற தேரின் நுகம் பௌத்த தாதுகோபம் ஒன்றில் மோதிச் சேதம் விளைத்தது. அமைச்சர்கள் அதனை எடுத்துரைத்ததும், அறியாமல் நேர்ந்ததாயினும், மன்னன் தேரினின்று இறங்கி வீதியில் கிடந்து, தேர்க்காலாலேயே தன் தலையை அறுக்குமாறு கூறினான். அவர்கள் அவனைத் தேற்றி, சேதத்தைச் செப்பனிட்டால் போதும் என்றனர். விழுந்த கற்கள் பதினைந்து. அவற்றைத் திரும்ப வைப்பதற்கு அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான். எல்லாளனைப் பகைவனாகக் கண்ட ஒரு பிக்குவின் நூல் இதனைப் பதிந்து வைத்திருக்கிறது என்பது இரு மொழி மாணவருக்கும் சொல்லத்தக்க செய்தி.

இக்கதைகளில் மயங்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை. மணியின் கயிற்றை எட்டிப் பிடிக்க முடிந்தவர் எத்தனை பேர்? பசுவுக்குக் கிடைத்த நீதி, பசுவைக் கட்டி வளர்த்த அடிமைக்குக் கிடைத்ததா? மன்னனே குற்றவாளி, மன்னனே நீதிபதி, அவன் சம்பளத்தில் வாழும் அமைச்சரே மன்னிப்பவர் என்றால் அது அவனுடைய மனச்சாட்சியைப் பொறுத்த நீதி. அடுத்து வரும் மன்னனுக்கு மனச்சாட்சி இல்லாவிட்டால் மணி துருப்பிடிக்கும். நல்ல அரசனைப் பாடிப் பாடியே நல்ல சட்டத்தைக் கேட்க மறந்த சமுதாயம் நம்முடையது. இருப்பினும் கதையின் ஒரு கணம் நம்மை விட்டகலவில்லை. மோதல் நிகழ்ந்ததும் அவன் 'என் தேர் மோதவில்லை' என்று கூறவில்லை. இறங்கினான்.

2016 ஒக்டோபர் 20ஆம் நாள் நள்ளிரவை அண்டி, இணுவிலுக்கு அண்மையில், அதே காங்கேசன்துறை வீதியில், குளப்பிட்டிச் சந்தியில், மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்து என்பதே முதலில் வந்த செய்தி. பிரேத பரிசோதனை அவர்களுள் ஒருவரின் உடலில் துப்பாக்கிக் காயம் இருந்ததைக் காட்டிற்று. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்ற விளக்கம் பின்னரே வந்தது. பொலிசார் ஐவர் கைதாகினர். 1966இல் ஊர்வலம் சென்ற நாளுக்கும் இந்த நாளுக்கும் இடையே ஒரு நாள் குறைய ஐம்பது ஆண்டுகள், வீதி ஒன்றே. நிறுத்தாமற் சென்ற குற்றத்துக்கு எந்தச் சட்டத்திலும் மரணம் தண்டனையாக எழுதப்படவில்லை. ஆனால் அதைவிட நம்மை உறுத்துவது அந்த முதற் சொல்தான். மருத்துவர் உடலைத் திறந்து பார்க்காதிருந்தால், மாணவர் தெருவில் இறங்காதிருந்தால், விபத்து என்ற சொல்லே அந்தக் குடும்பங்களின் கையில் நிரந்தரமாக மிஞ்சியிருக்கும். சவுத்ஹால் வானின் உள்ளே நிலவிய மௌனத்துக்கும் குளப்பிட்டியின் முதற் சொல்லுக்கும் உறவு நெருங்கியது.

2001இல் 17ஆவது திருத்தத்தின் மூலம் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உருவாயிற்று. குடிமக்களின் முறைப்பாட்டை விசாரிப்பதும் அதன் கடமைகளுள் ஒன்று. மணி கட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். கயிறு இணுவில் வரை நீளுகிறதா? முறைப்பாடு செய்ய நினைக்கும் தோட்டத் தொழிலாளி, எவருக்கு எதிராக முறையிடுகிறானோ அவருடைய வாசலைத் தாண்டித்தான் இன்றும் போக வேண்டியிருக்கிறது. வண்டியில் இருப்பவரை விசாரிப்பவர் அவ்வண்டியில் ஏறி வராதவராக இருக்க வேண்டும்; விசாரணையின் முடிவு அடித்தவர் ஓய்வுபெற்று, இறந்தவரின் பெற்றோரும் இறந்த பின்னர் வெளிவருவதாக இருக்கலாகாது. இவ்வளவையும் கேட்பதற்கு ஒருவர் புரட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. கேட்டுப் பெறுவதற்கு மட்டும் ஓர் இயக்கம் வேண்டும்.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் அருகே, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தனர். மழையும் வெயிலும் பெருந்தொற்றும் கடந்து அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அமர்ந்தவருள் பலர் விடை பெறாமலே இறந்துபோயினர். நட்டஈட்டுப் பணமும் மரணச் சான்றிதழும் தருவதாகச் சொன்னபோது அவர்கள் மறுத்தனர். பிள்ளை ஏற்றப்பட்ட அந்த வண்டியின் இலக்கம் என்ன, உள்ளே இருந்தவர் யார், அவரை அனுப்பியவர் யார் என்றே அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.